பெரிய கோப்பு இல்லாத கோப்புறை

நாள் 204. நிலையக் கடிகாரம் 06:10
சேமிப்பு 93 விழுக்காடு. காற்று சரி. தண்ணீர் சரி. ஆன்டெனா சரி.

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும், எழுதுவது யார் என்று முதலில் தெரிந்துகொள்ளட்டும். பெயர் பஞ்சவர்ணம். ஊர் பார்த்திபனூர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. உதட்டைப் பிதுக்குவதற்கு முன்னால் என் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

மூத்த பேத்தி தமயந்தி மதுரையில் கண் டாக்டர். ஒரே நாளில் இருபது பேருக்குப் புரை எடுப்பாள், கை நடுங்காது. அடுத்தவள் இன்பவல்லி. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு, இப்போது கோயம்புத்தூர் காலேஜில் பாடம் எடுக்கிறாள். கடைக்குட்டி சேவுகன் மாநிலக் கபடி அணியில் இருக்கிறான், அவன் பிடித்தால் எவனும் கோட்டைத் தொட்டது கிடையாது. எல்லாருக்கும் மேலே மகன் வயிற்றுப் பேரன், எங்கள் சின்னவர். முப்பத்தொரு வயது. ஒற்றை ஆள் கப்பலில் சனிக்கிரகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான், வளையத்துப் பனிக்கட்டியை அளக்க. போயும் போயும் அந்தக் கிரகத்துக்குத்தானா போக வேண்டும் என்று கேட்டேன். அது பெயர்ச்சியாகி நம் வீட்டுக்கு வருவதற்குள் நாமே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றான்.

சின்னவர் என்பது வீட்டில் கூப்பிடுவது. தாத்தா பெயரைத்தான் வைத்திருக்கிறது. அந்தப் பெயரை நான் சொல்லமாட்டேன், என் மருமகளும் சொல்லமாட்டாள். அவர் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இன்னும் என் வாயில் அது வந்ததில்லை.

நாள் 204. 16:30
இந்த நிலையம் நிலாவின் பின்பக்கத்தில் இருக்கிறது. தூரத்துக் கப்பல்காரர்கள் வீட்டுக்கு அனுப்பும் பேச்சுப் படங்கள் முதலில் இங்கே வந்து இறங்கும். எங்கள் தலைக்கு மேல் செயற்கைக்கோள் வரும்போது இங்கிருந்து கீழே போகும். ஆறு பேர் இருந்தோம், நான் சமையல். பிறகு எல்லாவற்றையும் எந்திரமே பார்த்துக்கொள்ளும் என்றார்கள், சட்டப்படி ஒரு மனிதர் மட்டும் இருந்தால் போதும் என்றார்கள். நான் இருக்கிறேன் என்றேன். சின்னவர் பேசினால் அவன் அம்மாவுக்கு முன்னால் எனக்குக் கேட்கும். வேறு காரணம் இல்லை.

நாள் 207. 09:00
சேமிப்பு 97. நூற்றைத் தொட்டால் புதிதாக எதுவும் உள்ளே வராது.

காரணம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பேச்சுப் படத்தோடும் மூன்று சில்லறைக் கோப்புகள் வருகின்றன: முகம் தெரிகிற சின்னப் படம், பேசுவதை எழுத்தாக்கின வசன வரி, எத்தனை பெரிது என்று சொல்லும் விவரச் சீட்டு. பெரிய கோப்பு கீழே போனதும் அது மட்டும் அழிகிறது. சில்லறை மூன்றும் அப்படியே கிடக்கின்றன. முறுக்கு தீர்ந்த டின்னில் தூள் கிடக்கிற மாதிரி. ஏழு வருஷத்துத் தூள்.

கீழே வேலையில் இருக்கும் ரெஜினாவிடம் கேட்டேன். தூத்துக்குடிப் பெண், எந்நேரமும் கிண்டல். பதில் வந்தது:

"பாட்டி, துடைக்கிற ஸ்கிரிப்ட் ஒண்ணு அனுப்பிருக்கேன். வேற கிடங்குக்கு எழுதுனது. நம்ம கிடங்குக்கு ஏத்தாப்புல நீங்க வாயால சொல்லிச் சொல்லி மாத்திக்கிடுங்க, அது கேட்டுக்கிடும். அதுல முப்பது நாள்னு ஒரு வரி இருக்கும். அதை மட்டும் தொட்டுராதிய. அப்புறம், எப்பப் பாத்தாலும் 'கீழ, கீழ'ன்னே சொல்லுதியளே, எங்க ஊருக்கு ஒரு பேரு இருக்குல்லா?"

பேர் இருந்தால் இருக்கட்டும். நான் கீழே என்றுதான் சொல்வேன்.

நாள் 208. 10:15
ஸ்கிரிப்டை எந்திரம் எனக்குப் படித்துக் காட்டியது. அரிசி களைவதை விடச் சுலபம். ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் போ. பெரிய கோப்பு இருக்கிறதா பார். இல்லையென்றால் உள்ளே இருப்பது மிச்சம். மிச்சம் முப்பது நாள் பழையது என்றால் அழி.

நான் மாற்றியவை. பெரியது என்றால் எவ்வளவு பெரியது என்று நம் அளவுக்குச் சொன்னேன். வசன வரிக் கோப்பின் வால் எழுத்து இங்கே வேறு, அதைச் சேர்த்தேன். தினமும் காலை 11:40க்கு ஓடச் சொன்னேன். முப்பது நாளை எடுத்துவிட்டேன். அடுப்படிக் குப்பையை முப்பது நாள் வைத்திருந்து கூட்டுகிறவள் இல்லை நான். அன்றன்றைக்கு உள்ளது அன்றன்றைக்கே போகட்டும்.

யாருடைய கோப்புறையையாவது தொடாமல் விட வேண்டுமா என்று கேட்டது. பெயரைச் சொல்லச் சொன்னது. நான் சின்னவர் என்றேன். "ஒரு விதிவிலக்கு சேர்க்கப்பட்டது" என்றது.

அழிக்காமல் பட்டியல் மட்டும் போட்டுப் பார்க்கும் ஒத்திகை ஒன்று இருக்கிறது. அதையும் செய்தேன். நாற்பத்தோராயிரம் கோப்புறைகள். அதில் சின்னவர் இல்லை. அவனுடைய இன்று காலைப் பேச்சு கீழே போகாமல் இன்னும் முழுசாக அங்கேயேதான் இருந்தது. ரெஜினா இரண்டு வருஷம் படித்துச் செய்கிற வேலை இது. காலைப் பொழுதுக்குள் முடித்துவிட்டேன்.

நாள் 209. 12:20
ஓடியது. சேமிப்பு 58.

அழிக்கும்போது சின்னப் படங்கள் இருபது இருபதாகத் திரையில் ஒரு நொடி தெரிந்து மறைகின்றன. எல்லாம் முகங்கள். பேசி முடித்து ஆறேழு வருஷம் ஆனவர்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்களோ தெரியாது. கூட்டம் கூட்டமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. நாற்பது நிமிஷம் பார்த்தேன். பிறகு எழுந்துபோய் ரசம் வைத்தேன்.

நாள் 219. 08:00
சேமிப்பு 57. சின்னவர் பத்து நாளுக்கு ஒருமுறை பேசுவான். நேற்று வர வேண்டியது வரவில்லை. கப்பல் தானாக அனுப்பும் துடிப்புக் குறி தினமும் வருகிறது, கப்பல் நன்றாகத்தான் போகிறது, வேலை மும்முரத்தில் இருப்பான் என்கிறாள் ரெஜினா.

நாள் 222. 11:45
துடைக்கும்போது அவரைப் பார்த்தேன். சின்னவரை இல்லை. அவரை.

ஒரு நொடிதான். அதே நெற்றி, அதே மூக்கு, வாயைத் திறந்து ஏதோ கேட்கிற முகம். கடைசிப் படுக்கையில் சவரம் செய்யாமல் இருந்தாரே, அந்த மாதிரி ஒரு நகக்கண் அளவுத் தாடி. மறைந்துவிட்டார்.

காற்று அளவைப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. காற்று குறைந்தால் இல்லாதது தெரியும் என்று இங்கே வந்த புதிதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நாள் 226. 11:50
மறுபடியும் வந்தார். இன்று கொஞ்சம் நேரம் நின்ற மாதிரி இருந்தது. கண் நேராக என்னைப் பார்த்தது.

எதையோ கேட்கிறார். இரண்டு வருஷமாக அவருக்குத் திதி கொடுக்கவில்லை. மகன் கொடுத்திருப்பான், ஆனால் என் கையால் படைத்தது இல்லை. அது கேட்டுத்தான் வருகிறார் என்று நினைக்கிறேன்.

நாள் 227. 13:10
படைத்தேன். இலை கிடையாது, தட்டுதான். சோறு, பருப்பு, பொட்டலத்துக் கத்தரிக்காயைப் பிசைந்து ஒரு குழம்பு. அவருக்குக் கருவாடு பிடிக்கும், அதற்கு நான் எங்கே போவேன். நெருப்பு வைக்கக் கூடாது என்பதால் விளக்குக்குப் பதில் கைவிளக்கைக் குப்புற வைத்தேன். விழுந்து கும்பிட்டேன். நிலாவில் விழுந்தால் எழுந்திருப்பது லேசு.

நாள் 231. 11:50
படையல் போதவில்லை. இன்றும் வந்தார். கன்னம் ஒட்டியிருக்கிறது. கையில் ஒரு தாளைத் தூக்கிக் காட்டுகிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்குள் அழிந்துவிட்டது.

சின்னவரிடமிருந்து பேச்சு இல்லை. ரெஜினாவிடம் கேட்டதற்கு, "கல்யாணம் ஆகாத பையன் பாட்டி, அப்பத்தாகிட்டயே எத்தனை நாள் பேசிக்கிட்டிருப்பான்" என்றாள். சிரித்தேன். சிரிப்பு வந்தது என்பதற்காக எழுதிவைக்கிறேன்.

நாள் 237. 11:50
வந்தார். தாள் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நாள் 243. 11:48
இன்று மூடவில்லை. தாடி கழுத்து வரை படர்ந்திருக்கிறது.

நகக்கண் அளவில் இருந்தது. பிறகு நெல் நீளம். இன்று கழுத்து வரை. செத்தவருக்குத் தாடி வளருமா? நான் இங்கே உட்கார்ந்து யாருக்குச் சோறு படைத்தேன்?

நாள் 243. 11:56
ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டேன். விதிவிலக்குகளைப் படிக்கச் சொன்னேன்.

"விதிவிலக்கு ஒன்று: சின்னவர். இந்தப் பெயரில் கோப்புறைகள்: பூஜ்யம்."

நான் கேட்டபோது சேர்த்துவிட்டேன் என்றது. சேர்க்கத்தான் செய்திருக்கிறது. அப்படி ஒருவரும் கிடையாது என்று அது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எந்திரத்துக்கு அவன் சின்னவர் இல்லை.

நாள் 243. 12:05
பேச்சும் சில வரி எழுத்தும் மட்டும் போகிற அவசர வழியில் ரெஜினாவைக் கூப்பிட்டேன். அவள் குரலில் கிண்டல் இல்லை.

"பாட்டி, முப்பது நாள் வரிய எடுத்துட்டியளா? ஐயோ. பெரிய கோப்பு வாரதுக்கு முன்னாடி சின்னப் படமும் வசனமும் சீட்டும்தான் முதல்ல வந்து நிக்கும். அதைப் பாத்துட்டு நம்ம எந்திரம் 'வா'ன்னு சொன்னாத்தான் அந்தப் பக்கம் பெருசை அனுப்பும். போனதோட மிச்சமும் வரப்போறதோட முன்னோட்டமும் பாத்தா ஒண்ணுபோலத்தான் இருக்கும். நீங்க வந்ததையெல்லாம் கூட்டித் தள்ளிருக்கிய."

அழிப்புப் பட்டியலைப் பார்த்தோம். ஒரே கோப்புறை, எட்டு முறை. மூன்று முறை நான் பார்க்கக்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் நம் எந்திரம் அவனுக்குப் பதில் அனுப்பியிருக்கிறது: அப்படி ஒரு செய்தி இங்கே இல்லை.

நாள் 243. 12:20
அவனைத் திரும்ப அனுப்பச் சொல்ல வேண்டும். எந்திரம் கேட்கிறது: "யாரை அழைக்க வேண்டும்? முழுப் பெயரைச் சொல்லவும்."

பேரன் என்றேன். சின்னவர் என்றேன். கப்பல் பெயரைச் சொன்னேன். "முழுப் பெயரைச் சொல்லவும்." ரெஜினா தன் பக்கத்திலிருந்து கூப்பிடலாம், அதற்குச் செயற்கைக்கோள் வர ஐந்து மணி நேரம் ஆகும் என்றாள்.

பூமிநாதன்.

சொல்லிவிட்டேன். எழுதியும் விட்டேன். கல்யாணமான நாளிலிருந்து ஐம்பத்திரண்டு வருஷம். எந்திரம் "ஒரு கோப்புறை" என்றது.

நாள் 243. 14:55
போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். வந்துவிட்டது. சின்னப் படத்தில் பேரன்தான். தாத்தா மாதிரியே இருக்கிறான். பெரிய கோப்பு வந்து சேர முப்பது மணி நேரம் ஆகும் என்று சீட்டு சொல்கிறது. வசன வரி கைக்கு வந்தது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"அப்பத்தா, நாந்தேன். ஒன்பதாவது தடவை. உன் நிலையம் என்னையத் தெரியாதுங்குது. சோத்துல உப்பக் கூடப் போட்டுட்டு 'நான் போடலையே'ம்ப பாரு, அந்த மாதிரி. பெரிய ஆன்டெனா ஒடஞ்சு போச்சு, வீட்டுக்குப் பேசுற சின்னது மட்டுந்தேன் வேல செய்யுது. அதனாலதேன் ஒன் வழியா வர்றேன். திருப்புற எஞ்சின்ல ஒரு கொழாய் அடச்சுக்கிச்சு. ஒத்தக் கொழாய வச்சுத் திருப்பணும்னா புதுக் கணக்கு வேணும், கீழ உள்ளவுகதேன் போட்டுத் தரணும். உன் கடிகாரத்துக்கு நாள் 244, காலைல ஒன்பது மணி. அதுக்குள்ள திருப்பலைன்னா சனிய விட்டுத் தாண்டிப் போயிருவேன். அங்கிட்டு ஒண்ணுமில்ல அப்பத்தா. அளவெல்லாம் வாசிக்கிறேன், எழுதிக்க."

அதற்குக் கீழே நாற்பது வரி எண்கள்.

நாள் 243. 15:10
எண்கள் ரெஜினாவுக்குப் போய்விட்டன. செயற்கைக்கோள் வரும்வரை காத்திருக்காமல் அவசர வழியிலேயே வாங்கிக்கொண்டாள். பெரிய கோப்பு வேண்டாம், படம் பார்க்க நேரம் இல்லை, வசன வரியை வைத்தே கணக்குப் போடுகிறோம் என்றாள். ஒரு எண் கூடத் தப்பாக எழுதவில்லை என்று மூன்று தடவை ஒத்துப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் என்னை அடித்த அடி வீண் போகவில்லை.

நாள் 244. 06:40
கணக்கு வந்தது. அனுப்பினேன். அவனுக்கு 07:55க்குப் போய்ச் சேரும். ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கும். போதும் என்கிறார்கள்.

நாள் 244. 10:15
ஒன்பது மணிக்குத் திருப்பிவிட்டு அவன் பதில் அனுப்பியிருந்தால் இப்போது வர வேண்டும்.

நாள் 244. 10:40
கப்பலின் துடிப்பு நின்றிருக்கிறது. அவன் பக்கத்து நேரம் 08:58. எஞ்சின் எரிந்தால் துடிப்பு கொஞ்ச நேரம் நிற்கும் என்கிறாள் ரெஜினா. வேறு எதனால் எல்லாம் நிற்கும் என்று கேட்டேன். சாப்பிட்டீயளா என்றாள்.

முப்பது மணி நேரத்தில் வர வேண்டிய பெரிய கோப்பும் பாதியில் நின்றுவிட்டது.

நாள் 246. 10:20
வந்துவிட்டது! சின்னப் படம் வந்துவிட்டது. இருக்கையில் சாய்ந்திருக்கிறான். கண் மூடியிருக்கிறது, தூங்குகிறான். வசன வரி காலியாக இருக்கிறது. தூங்குகிறவன் என்ன பேசுவான். விவரச் சீட்டில் பெரிய கோப்பின் அளவு இருக்கிறது, மிகப் பெரியது. எந்திரத்தை "வா" என்று சொல்லச் சொன்னேன். அந்த அளவுக்கு இடத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டது. சேமிப்பு 66.

மருமகளுக்குச் சேதி அனுப்பினேன். பிள்ளை தூங்குகிறான், எழுந்ததும் பேசுவான் என்று.

நாள் 247. 10:20
இன்றும் சின்னப் படம். பெரியது வரவில்லை. இன்னொரு இடம் ஒதுக்கினேன். 70.

நாள் 250. 10:20
ஐந்தாவது. தினமும் அதே நேரத்துக்கு வருகிறான். ஒவ்வொரு தடவையும் இடம் ஒதுக்குகிறேன். விருந்தாளிக்கு இலை போட்டு வைப்பது மாதிரி. 82.

நாள் 254. 12:00
ஒன்பது இலை. சேமிப்பு 98. மற்றக் கப்பல்களின் பேச்சை உள்ளே வாங்க முடியவில்லை. ரெஜினா பேசினாள்.

"பாட்டி, மனச திடமா வச்சிக்கிட்டு கேளுங்க. ஒன்பது படமும் ஒரே படம். அவன் காதோரம் தண்ணி உருண்டை ஒண்ணு மிதக்குதுல்லா, ஒன்பதுலயும் அதே இடத்துல நிக்குது. மிதக்குற தண்ணி ஒரே இடத்துல நிக்குமா? கப்பல் எந்திரம் கடைசியா எடுத்ததையே திருப்பித் திருப்பி அனுப்புது. யாராவது நிறுத்துற வரைக்கும் அனுப்பும். அது முன்னோட்டம் இல்ல பாட்டி. மிச்சம். ஒதுக்குன இடத்தை விட்டுருங்க. மத்தப் பிள்ளைகளும் வீட்டுக்குப் பேசணும்லா?"

ரெண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று சொன்னவள் அவள்தான். இன்றைக்கு மட்டும் எப்படி வித்தியாசம் தெரிந்தது என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுதாளோ என்னவோ.

நாள் 254. 15:30
மற்றப் பிள்ளைகள் பேசட்டும். நான் தடுக்கவில்லை. என் கோப்புறையை அழித்தேன். தமயந்தி டாக்டரான அன்று எடுத்தது, இன்பவல்லி பரிசு வாங்கியது, சேவுகன் தோளில் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அவர்கள் கீழே நன்றாக இருக்கிறார்கள், இன்னொன்று எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்காரரின் ஒரே படத்தையும் அழித்தேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். 95.

அவனுக்குப் போட்ட இடத்தில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

நாள் 257. 10:25
பன்னிரண்டாவது. சமையல் குறிப்புகள், நிலையத்தின் ஏழு வருஷக் கணக்குகள், பாட்டுகள் எல்லாம் போயின. 99. தண்ணீர் உருண்டை அதே இடத்தில்தான் இருக்கிறது. நானும் பார்க்கத்தான் செய்கிறேன்.

ஆள் அனுப்புகிறார்களாம், என்னைக் கூட்டிப் போக. வந்து சேர நான்கு நாள். வருகிறவர்கள் முதலில் ஸ்கிரிப்டைத்தான் ஓடவிடுவார்கள்.

நாள் 259. 10:30
பதினான்காவது. இடம் இல்லை. எந்திரம் கேட்கிறது: அழிப்பதற்கு இந்த நாட்குறிப்பு மட்டுமே மீதம் உள்ளது, அதன் இடத்தை ஒதுக்கலாமா? ஒதுக்கு என்றேன். முன்னால் எழுதியதைத் தாளில் கையால் எடுத்துவைத்திருக்கிறேன். கண்டெடுப்பவர் அதைப் படியுங்கள். எந்திரத்தில் இனி நான்கு வரிதான் பிடிக்கும். அதை உங்களுக்கு எழுதவில்லை. அவனுக்கு அனுப்புகிறேன்.

நாள் 259. 10:41
பூமிநாதா, அப்பத்தா பேசுகிறேன். உனக்கு இடம் வைத்திருக்கிறேன். இந்தப் படம் போதும்யா, பதினாலு தடவை பார்த்துவிட்டேன். எழுந்து, முகம் கழுவி, கண்ணைத் திறந்தமாதிரி புதுசா ஒரு படம் எடுத்துப் போ